லிஃப்ட் பழுதான வாரங்கள்

துருவன் தேக்கோங் தீவுக்குப் போனபின்
சனிக்கிழமைக்கென்று வாங்கி வைப்பவை
புதன்கிழமையைத் தாண்டுவதில்லை.

கைமுறுக்கு இரண்டு பாக்கெட்,
பாண்டான் கேக் ஒன்று,
இறால் அப்பளம்,
அப்புறம் அவனுக்கு மட்டும் பிடித்த
அந்தக் கடற்பாசி பிஸ்கட்.
எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.
அதைத்தான் முதலில் தின்கிறேன்.
விளக்குப் போடாமல்,
கை போவது எனக்கே தெரியாதபடி.

வெள்ளி மாலை மறுபடி வாங்கி
அதே தட்டில் அதே வரிசையில் அடுக்குகிறேன்.
தன் வீட்டில் எதுவும் குறைவதில்லை என்று
பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறான்.

பிறகு தெம்பனிஸில்
எங்கள் புளோக்கின் லிஃப்ட் நின்றது.
மூன்று வாரம் ஆகும் என்று
நான்கு மொழியிலும் அச்சடித்து ஒட்டினார்கள்.
தமிழில் மட்டும் பழுது போய்
'பழுத்து' என்று இருந்தது.
கனிந்துவிட்ட லிஃப்டைப் பார்த்துத்
தனியாகச் சிரித்தேன்.
அவன் இருந்தால் படமெடுத்திருப்பான்.

அந்த வாரம் அவனுக்குக் காட்டுப் பயிற்சி.
போன் கிடையாது.
புதன், இரவு பதினொன்று, அலமாரி காலி.
பன்னிரண்டாம் மாடியிலிருந்து
கீழ்த்தள மினிமார்ட் வரை
படிதான் வழி.

என் வலது முழங்காலுக்கு அவசரம் ஆகாது.
விரல், உள்ளங்கால், கடைசியில் குதிகால்
என்று வைத்துப் பார்த்துப்
பாரத்தை மாற்ற வேண்டியிருந்தது,
தூங்கிப்போன குழந்தையைத்
தொட்டிலில் இறக்குகிற மாதிரி.

பத்தாம் மாடியில் மூச்சுச் சத்தம் கேட்டது.
என்னுடையதுதான்.
ஒன்பதில் ரோஹானா வீட்டுச் சம்பால் வாசனை.
நாக்கில் நீர் ஊறவில்லை.
பசித்தவளுக்கு ஊறாதா?

ஏழில், தகர டப்பாவுக்குள்
அணைந்த ஊதுபத்திச் சாம்பல்.
அங்கே நின்று வயிற்றில் கை வைத்தேன்.
வயிறு தன்பாட்டுக்கு இருந்தது,
ஏழு மணிக்குச் சாப்பிட்ட சோற்றோடு.
கை கொஞ்சம் கொஞ்சமாய் மேலேறி
நெஞ்சைத் தாண்டித்
தொண்டைக்குழியில் நின்றது.
அங்கேதான் ஏதோ
வாயைத் திறந்துகொண்டிருந்தது.

நாலாம் மாடியில் யார் வீட்டுப் பையனோ
போனில் சத்தமாய்ச் சிரித்தான்.
தொண்டைக்குழி திரும்பிப் பார்த்தது.

ஓ, நீயா.

அழுதேன் என்று எழுதினால் அழகாக இருக்கும்.
அழவில்லை.
மூக்கைச் சிந்திவிட்டு
மிச்சப் படிகளையும் இறங்கி
முறுக்கு வாங்கினேன்.

ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டுமே.
ஆறாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து
ஒன்றை உடைத்தேன்.
ஓமம் கடிபட்டது.
எத்தனை பாக்கெட் தின்றிருப்பேன்,
அதில் ஓமம் இருப்பது
அன்றைக்குத்தான் தெரியும்.
மீதியைச் சுருட்டி
ரப்பர் வளையம் போட்டேன்.

இப்போது லிஃப்ட் ஓடுகிறது.
சில இரவுகள் அதிலேயே போய்வந்து
முழுப் பாக்கெட்டையும்
நின்றபடியே முடிக்கிறேன்.
சில இரவுகள் படி.
கணக்கு வைத்துக்கொள்வதில்லை.
வைத்தால்
அந்தக் கணக்குக்கும் பசிக்கும்.

ஞாயிறு மாலை முகாமுக்குத் திரும்புகிறான்.
குதிகாலில் கொப்புளம்.
"நான் லிஃப்ட்ல போறேம்மா. நீ?"
படியில் வருகிறேன் என்றேன்.
ஒரு மாதிரி பார்த்தான், கதவு மூடியது.

கீழே போனபோது
பச்சைப் பையும் மொட்டைத் தலையுமாய்
தூணில் சாய்ந்திருந்தான்.
"இவ்ளோ நேரமா?"
எனக்கு மூச்சு வாங்கியது, அதுவே பதில்.

பாசிர் ரிஸ் பஸ் அவனை ஏற்றிக்கொண்டு
சிக்னலில் கொஞ்சம் நின்று
பிறகு போய்விட்டது.

மேலே பாதிக் கேக் இருக்கிறது.
தொண்டைக்குழிக்கும் அது தெரியும்.
முதல் படியில் வலது காலை வைத்து
பாரம் வந்து சேரும்வரை
காத்திருக்கிறேன்.